கப்பல் கிளம்பும் முன் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் தேனி மாவட்டத்துக் கூடலூரில், இப்போது வேலை பார்க்கும் பேக்கிங் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தேன். வாழைச் சீப்புகளைக் கழுவும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தத்தில் கைபேசி அடித்தது முதலில் கேட்கவில்லை. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் பேச்சியம்மாள் மதினி.

"ஜெபா, ஓங்க அண்ணே போயிட்டாக."

எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். அப்படித்தான் அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்தது.

"தண்ணி பாய்ச்சப் போனாக. வரப்புல உக்காந்தாக. எந்திரிக்கல தாயி."

மதினிக்குப் பின்னால் யாரோ வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறக்கச் சொல்வது கேட்டது. அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது.

நான் அண்ணன் என்று கூப்பிடும் கம்பம் சுருளிவேலை, இதைப் படிக்கும் விவசாயிகள் பலருக்கு வாழைத்தோட்டத்து ஆலோசகராகத் தெரிந்திருக்கும். உங்கள் தோட்டத்துக்கு வந்து, தாரைத் தட்டிப் பார்த்து, உரம் அதிகம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருப்பார். அவருக்கு அறுபது ஆகவில்லை. கம்பத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் வேளாண்மை படித்து, பல ஊர்த் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா நாட்டுக்குப் போனவர். அங்கே வோல்டா ஆற்றங்கரையில் ஒரு பெரிய வாழைத் தோட்டம். வெட்டுவதும் கழுவுவதும் பெட்டியில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. பழம் முழுவதும் பிரிட்டனுக்குப் போகும். கப்பல் காகிதங்களைப் பார்க்கும் வேலைக்கு நான் தேனி அல்லிநகரத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கடை வியாபாரம்தான் தெரியும். கப்பலை நான் பார்த்ததே கானாவின் டெமா துறைமுகத்தில்தான்.

நான் போய் இறங்கிய அன்று ஊர்க்காரர் ஒருவர் வரவேற்க வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். "தேனியா? சாப்ட்டியா? சரி, வண்டில ஏறு, கன்டெய்னர் நிக்குது" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. போகும் வழியில் ஒன்று சொன்னார். "பழம் ஆருக்காகவும் நிக்காது. மந்திரிக்கும் நிக்காது, மழைக்கும் நிக்காது. நாமதேன் பின்னாடியே ஓடணும்." யாரையும் அவர் பாராட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையில் இருப்பதெல்லாம் குதிக்கும். வாழைப்பழத்தை மட்டும் வாயில் வைக்க மாட்டார். விருந்துக்குப் போகிற இடத்தில் இலையில் வைத்தால், "இன்னைக்கு லீவு தாயி" என்று தள்ளி வைத்துவிடுவார்.

அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு அவர் மேல் பயமும் இருந்தது, உரிமையும் இருந்தது. பேக்கிங் ஷெட்டுக்குத் தலைவியாக இருந்தவர் அக்கோசுவா என்ற அம்மாள். கானாக்காரர், நெடுநெடுவென்று உயரம், அவரும் சத்தம் போடுகிறவர். இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் நின்று ஆங்கிலத்தில் சண்டை போடுவார்கள். சண்டை முடிந்ததும் வேலை முன்பைவிட ஒழுங்காக நடக்கும். இதை நான் பார்த்துப் பழகிவிட்டேன்.

கொரோனா வந்தபோது எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் ஏறினோம். விமானங்கள் ஒழுங்காக ஓடவில்லை. அவர் கம்பத்தில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கைபேசியில் படம் பார்த்தே கானாவில் தார் வெட்டச் சொன்னார். நான் முதலில் அல்லிநகரத்திலிருந்தே காகித வேலையைப் பார்த்தேன். அந்த வருடம் மார்கழியில் வேலை நெருக்கவும், தினமும் தேனியிலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போக ஆரம்பித்தேன்.

நெருக்கத்துக்குக் காரணம் பிரிட்டன். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. ஒன்றியத்தில் இருந்தவரை கானாப் பழத்துக்கு அங்கே இறக்குமதி வரி கிடையாது. வெளியே வந்துவிட்டால் பிரிட்டனும் கானாவும் தங்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டு அரசும் பேசிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பழைய ஏற்பாடு முடிகிற நாள் வந்துவிட்டது, புது ஒப்பந்தத்தில் கையெழுத்து விழவில்லை. முந்தைய வாரம் டெமாவிலிருந்து கிளம்பிய கப்பல் வரியில்லாமல் புறப்பட்டு, நடுக்கடலில் வரிக்குரிய கப்பலாகிவிட்டது. போய் இறங்கும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் கட்ட வேண்டும். அடுத்த கப்பல் அந்த வாரமே டெமாவுக்கு வருகிறது. மரத்தில் தார் முற்றி நிற்கிறது.

சுருளிவேல் அண்ணனின் பங்காளி சந்திரன் தினமும் மாடிக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அவரும் வாழைதான் போட்டிருந்தார். "நம்ம பழத்துக்கே வெல இல்ல. வெள்ளக்காரன் எவனோ ஊரு பழத்துக்கு வரி போட்டா ஒனக்கென்னண்ணே?" என்றார்.

"ஒம் மச்சான் திருப்பூர்ல தைக்கிற கம்பெனிக்கு வெள்ளக்காரன் ஆர்டர நிறுத்துனான்னு வீட்ல எழவு விழுந்த மாதிரி கெடந்தீகளே, அன்னைக்கு நான் வந்து ஒனக்கென்னன்னு கேட்டேனா?"

சந்திரன் நாற்காலியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்று பிற்பகல் லண்டன் அலுவலகத்திலிருந்து மார்ட்டின் என்ற அதிகாரி பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். இந்தக் கப்பலுக்கு ஏற்றிவிடலாம். அதற்குப் பிறகு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை தார் வெட்டுவதை நிறுத்திவிட்டு, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் கப்பல் கிளம்பும் வரை இது தொழிலாளர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், கப்பல் காலியாகப் போகும், பழம் வாங்கும் கடைகள் நம்மை விட்டுவிடும். இதைச் சொல்லிவிட்டு, "உங்களை நம்புகிறேன், வேல்" என்றார் மார்ட்டின்.

அந்தக் கணக்கில் தவறு இல்லை என்பது அண்ணனுக்கும் தெரியும். கடை அலமாரியில் ஒரு வாரம் கானாப் பழம் இல்லையென்றால் அந்த இடத்தில் தென் அமெரிக்கப் பழம் உட்கார்ந்துவிடும். பிறகு எழுப்ப முடியாது. "கப்பல் போகட்டும், பொறகு பாப்பம்" என்றுதான் அவரும் முதலில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அக்கோசுவா அழைத்தார். அங்கே அப்போதுதான் காலை வேலை சூடு பிடித்திருந்தது. வானொலியில் என்னென்னவோ சொல்கிறார்கள், ஷெட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், என்றார். பிறகு நேராகக் கேட்டார்: "மிஸ்டர் வேல், அடுத்த வாரம் எங்களுக்கு வேலை இருக்கிறதா?"

அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டிச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் அண்ணன், "மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிறேன், எல்லோரையும் நிறுத்தி வை" என்று சொல்லி வைத்தார்.

எங்கள் மதியத்துக்கும் அவர்கள் மதியத்துக்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். அவர்கள் சாப்பிட உட்காரும்போது கம்பத்தில் விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அதுவரை அந்த மாடியறையில் நடந்த பேச்சு இன்றும் எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

மதினி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "என்னமோ லண்டன்காரவுக சொல்லாதன்னுட்டாகளாமே. சொல்லாட்டித்தேன் என்ன? ரெண்டு நாளு. கப்பலு போகட்டும்."

"பேச்சி, நீ கீழ போ."

"நான் எதுக்குப் போறேன்? வேல போயிருச்சுன்னா இங்கன ஒக்காந்து என்ன செய்வீக? பிள்ள படிச்சுக்கிட்டு இருக்கா. திரும்பிப் போக பிளேனும் இல்ல."

நானும் மதினி பக்கம்தான் பேசினேன். சொன்னால் அவர்கள் வேலையை நிறுத்திவிடுவார்கள், கப்பல் காலியாகப் போனால் அடுத்த வாரம் மட்டுமல்ல, அடுத்த வருடமும் அவர்களுக்கு வேலை இருக்காது, அவர்கள் நன்மைக்காகவே பேசாமல் இருக்கலாம் என்றேன்.

"நீ சொல்றது சரிதேன்" என்றார் அண்ணன். "மார்ட்டின் சொன்னப்ப சரியா இருந்துச்சு. இப்பக் கேட்டுட்டாகளே ஜெபா. கேக்காதப்ப வாய மூடிக்கிட்டு இருக்கலாம். கேட்டப்பறம் மூடிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு பொய்யி."

வெளியே யாரோ மார்கழிக் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். அண்ணன் எழுந்து மாடிச் சுவரோரம் போய் நின்றுவிட்டு வந்தார். மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார்.

விளக்கு வைத்ததும் அழைத்தோம். ஷெட்டில் கைபேசியை ஏதோ பெட்டி மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். திரையில் பெண்கள் நெருக்கமாக நிற்பது தெரிந்தது. பின்வரிசையில் தார் வெட்டும் ஆண்கள். எல்லோரும் முகக்கவசத்தோடு. கண்களை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கப்பலுக்குப் பிறகு வெட்டை நிறுத்த லண்டன் நினைக்கிறது என்றார். ஏன் என்றும் சொன்னார். "நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. இன்று அவர்களோடு பேசப் போகிறேன். ஜெயிப்பேன் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் இந்தக் கப்பலுக்குப் பெட்டி கட்டாமல் போகலாம், நான் தடுக்க முடியாது. கட்டினீர்கள் என்றால், பேசுவதற்கு என் கையில் ஒன்று இருக்கும்."

பின்வரிசையில் ஓர் ஆள் சத்தமாக ஏதோ கேட்டார். அக்கோசுவா திரும்பி அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்த இடத்தில் திரை உறைந்தது. பிறகு கறுத்துவிட்டது.

அண்ணன் திரும்ப அழைத்தார். போகவில்லை. நான் என் கைபேசியிலிருந்து அழைத்தேன். போகவில்லை. தோட்ட அலுவலக எண்ணுக்கு முயன்றோம், அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நின்றது. அங்கே வேலை நடக்கிறதா, கூட்டம் வெளியே போய்விட்டதா, எதுவும் தெரியவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன், இப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது போன்ற நேரத்தை நான் பார்த்ததில்லை.

"ஜெபா, கெடுத்துட்டேனா?" என்றார்.

மதினி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணன் வாங்கினார், கை நடுங்கிச் சட்டையில் கொட்டியது. மதினி சொம்பைத் திரும்ப வாங்கித் தானே பிடித்துக் குடிக்க வைத்தார்.

அக்கோசுவாவுக்கு முன்னால் மார்ட்டின் அழைத்தார். தோட்டத்திலிருந்து யாரோ லண்டனுக்குச் சொல்லிவிட்டார்கள். மார்ட்டின் சத்தம் போடவில்லை. "உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம், வேல்" என்றார்.

"அவர்களும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்" என்றார் அண்ணன்.

பிறகு பேசினார். வரியைக் கட்டியாவது கப்பலை விடாமல் அனுப்புங்கள் என்றார். ஒப்பந்தம் இன்றைக்கு இல்லாவிட்டாலும் வரத்தான் போகிறது, ஆனால் ஷெட்டை மூடிக் கலைந்துபோன ஆட்களைத் திரும்பச் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம் என்றார். மார்ட்டின் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கப்பல் நிறையாவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டார்.

"என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அண்ணன்.

மதினிக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஜாப்' என்ற சொல் மட்டும் புரிந்துவிட்டது. அவர் கீழே இறங்கிப் போனார். அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது.

நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது அக்கோசுவாவின் அழைப்பு வந்தது. மின்சாரம் போய், அந்தப் பக்கத்துக் கைபேசிக் கோபுரமும் நின்றுவிட்டதாம். வெட்டுகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் போகவில்லை. "எங்களுக்கு எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். இந்தத் தடவை முன்னால் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் கட்டுகிறோம்" என்றார் அவர். அதோடு நிறுத்தவில்லை. வேலை குறைந்தால் சிலரை அனுப்பிவிட்டுச் சிலரை வைத்துக்கொள்ளக் கூடாது, இருப்பதை எல்லோரும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வோம், ஒருவரை அனுப்பினாலும் அடுத்த கப்பலுக்கு ஒரு பெட்டியையும் தொட மாட்டோம், இதை லண்டனில் சொல்லுங்கள் என்றார். அண்ணன் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினார். "சரியா?" என்று கேட்டார். "சரி" என்றார் அக்கோசுவா.

ஆள் குறைவாக இருந்ததால் மறுநாள் பெட்டிகள் மெதுவாகத்தான் சேர்ந்தன. கணக்கெழுதும் பெண்களும் சமையல்காரரும்கூடத் தார் தூக்கினார்கள். கடைசி லாரி துறைமுகத்துக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. அண்ணன் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த டிரைவருக்கு வழி நெடுகப் போன் போட்டார். வேறு வண்டி பிடித்து, பழத்தை மாற்றி ஏற்றி, துறைமுக வாசல் மூடும் தறுவாயில் டிரைவர் உள்ளே சேர்த்துவிட்டார். கப்பலில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் முழுவதும் நிறையவில்லை. கொஞ்சம் காலியாகத்தான் போனது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனாலும் லண்டன் இறங்கி வந்தது. பாதி வெட்டு, வரி கட்டிக் கப்பல், எல்லோருக்கும் முறை வேலை. பொங்கல் போனது, தைப்பூசம் போனது, அப்படியே ஓட்டினோம். மாசியில் இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. செய்தியை எங்களுக்கு முதலில் சொன்னது லண்டன் அல்ல, அக்கோசுவா. பேச்சே கேட்காத அளவுக்கு ஷெட்டில் ஆட்டமும் பாட்டும். அண்ணன் கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏலே, தொட்டில தண்ணி வழியுது, ஆராவது மூடுங்க!" என்று தமிழில் கத்தினார்.

விமானங்கள் ஓட ஆரம்பித்ததும் அவர் பெட்டி கட்டி வைத்தார். பயணச் சீட்டு வரவில்லை. அவருடைய வேலை ஒப்பந்தம் முடிந்ததும் அதைப் புதுப்பிப்பதாக இல்லை என்று மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் எழுதவில்லை. அண்ணன் அதை என்னிடம் காட்டினார், மதினியிடமும் காட்டினார். "நல்ல இங்கிலீசு" என்றார். அன்று சாயங்காலமே கட்டிய பெட்டியைப் பிரித்துச் சட்டைகளை அலமாரியில் அடுக்கிவிட்டார். அந்த அலமாரியின் முன்னால் வெகு நேரம் நின்றதாக மதினி பிறகு சொன்னார். பின்னால் லண்டன் அலுவலகம் என்னை வரச் சொன்னபோது நானும் போகவில்லை. அங்கே அவர் இல்லாத ஷெட்டில் நிற்க எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் உங்கள் தோட்டங்களுக்கு வர ஆரம்பித்தார். தேவாரத்திலிருந்து கூடலூர் வரை சுற்றினார். வேலை போனதைப் பற்றி யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தடவை நானே கேட்டேன், அன்று சொன்னது சரி என்று இப்போதும் நினைக்கிறீர்களா என்று. "சரியான்னு தெரியல தாயி. சொல்லாம இருந்திருந்தா அக்கோசுவா மூஞ்சில முழிச்சிருக்க முடியாது. அது மட்டுந்தேன் தெரியும்" என்றார்.

கம்பத்தில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அக்கோசுவாவுக்கு நான்தான் தகவல் சொன்னேன். முகத்தைக் காட்டச் சொன்னார். கைபேசியை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தப் பக்கம் ஷெட் முழுக்க வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். "டுவே, டுவே" என்றார் அக்கோசுவா. அவர்கள் ஊரில் துக்கம் கேட்கும் சொல் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஆரு தாயி அது?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அண்ணேகூட அங்கன வேல பாத்தவுக."

அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டார். "கிட்டக்க காட்டு. நல்லாப் பாக்கட்டும்" என்றார். மதினி தலை நிமிர்ந்து திரையைப் பார்த்து, "வேலைய விட்டுட்டாக, ஓங்கள விடலயே ஆத்தா" என்று தமிழிலேயே சொல்லி அழுதார். அக்கோசுவாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. அவரும் அழுதார்.

விவசாயிகள் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைப் பயமே அறியாதவர் என்றார்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த மாடியறையில் நான் இருந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரைப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான். இங்கே கூடலூர் ஷெட்டிலும் சில நாள் வாய் திறந்தே ஆக வேண்டியிருக்கிறது. அப்போது என் கையும் நடுங்குகிறது. முன்பெல்லாம் அதைப் பேசாமல் இருப்பதற்கான அறிகுறி என்று எடுத்துக்கொள்வேன். இப்போது நடுங்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேசத் தொடங்கிவிடுகிறேன்.